அஞ்சலை அத்தையைத் தெரியாத இயந்திரம்

சனிக்கிழமை காலை ஏழேகாலுக்கு நம் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் செல்வம் அண்ணன் ஒரே ஒரு வரி போட்டிருந்தார்: "அம்மா தவறிட்டாங்க." தானா ராத்தா மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு போட்ட வரி அது. முதல் நாள் மாலை நெஞ்சு வலிக்கிறது என்று சொன்ன அஞ்சலை அத்தையைப் பக்கத்து வீட்டுக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். "திங்கக்கிழமை பெரட்டுக்கு வந்துருவேன். என் கொழுந்துக் கத்தரிய எவளும் எடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்று கார் கண்ணாடியை இறக்கி அதட்டிவிட்டுத்தான் போனார்.

அந்தக் குழுவில் எந்தச் செய்தி விழுந்தாலும் முதல் பதில் அத்தையுடையதாகத்தான் இருக்கும். "யாரு பாத்தது?" அவ்வளவுதான். நிலவில் தண்ணீர் கிடைத்தது என்றாலும் சரி, கம்போங் ராஜாவில் முட்டைக்கோஸ் லாரி கவிழ்ந்தது என்றாலும் சரி, யாரு பாத்தது? செல்வம் அண்ணனின் வரியைப் படித்ததும் என் விரல் தானாகவே அந்த இரண்டு சொல்லைத் தட்டிவிட்டது. அனுப்பவில்லை. அழித்தேன். பார்த்தவர் பெற்ற மகன். கேட்பதற்கு ஆளில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் இந்தச் சிறு புத்தகத்தில் யாராவது எழுதவேண்டும் என்றபோது, அண்ணன் என்னிடம் வந்தார். "பெரியவங்க எழுதுனா அம்மாவ சாமியாக்கிருவாங்க. நீ எழுது லா" என்றார். பதினேழு வயதுக்காரியிடம், அதுவும் இந்த லயத்தில் எது காணாமல்போனாலும் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்களோ அவளிடம், கேட்ட தைரியம் அவருடையது. 'அஞ்சலைக்கு அஞ்சலி' என்று தலைப்பு வைக்கட்டுமா என்று கேட்டேன். "அம்மா இருந்தா ஒதைப்பாங்க" என்றார். ஆகவே வைக்கவில்லை. சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை. அஞ்சலை என்ற பெயரை யார் வைத்தார்களோ, அத்தை யாருக்கும் அஞ்சவில்லை.

வெளியூர் உறவினர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரட்டு என்பது காலையில் வேலைக்கு ஏறுமுன் எல்லோரும் களத்தில் வரிசையாக நிற்பது. மண்டோர் பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலை என்று பிரித்து அனுப்புவார். எங்கள் பள்ளி வேனும் அதே களத்தின் ஓரத்தில்தான் வந்து நிற்கும். அதனால் மேற்பார்வை மண்டோர் முருகேசு மாமாவின் பெயர்க் கூப்பாட்டோடு சேர்த்து, அத்தையின் காலைச் செய்திகளையும் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். அவருக்கு அரசியல் செய்தி பிடிக்காது, சினிமா செய்தி பிடிக்காது. புதிதாக என்ன கருவி வந்திருக்கிறது, எந்தச் செயலி என்ன செய்கிறது, அதுதான் வேண்டும். வலையொளியில் தினமும் பார்த்துவிட்டு வந்து பெரட்டில் தீர்ப்புச் சொல்வார்.

"டிரைவரே இல்லாம ஓடுற காரு வந்துருச்சாம்" என்று ஒருநாள் ஆரம்பித்தார். "ஸ்கூல் லீவுல ரிங்லெட்லேருந்து தானா ராத்தாவுக்கு டிரைவர் இருந்தே ஒருத்தனும் நகர முடியல. அது வந்து, பேசாம நடுரோட்டுல ஒக்காந்து அழும்."

வரிசையே சிரித்தது. முருகேசு மாமா மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அக்கா, பேரு கூப்புடவா, நியூஸ் முடியட்டுமா?" என்றார்.

"நீ கூப்புடு தம்பி. நடுவுல வெளம்பரம் மாதிரி."

கவிதை எழுதும் செயற்கை நுண்ணறிவைப் பற்றி அவருக்கு ஒரே கருத்துதான் இருந்தது. "ஏ.ஐ.ன்னு அவங்களே பேரு வெச்சிட்டாங்க. ஏய்க்கிறதுன்னு முழுசா சொல்லக் கூச்சம்." ஆனால் மறுநாளே அதே ஏ.ஐ.யிடம் குரலில் கேட்டு, தன் முழங்கால் வலிக்கு என்ன செய்யலாம் என்று விசாரித்து, அது சொன்ன பயிற்சியை வரிசையில் நின்றபடியே செய்துகாட்டினார். "நேத்து ஏய்க்கிறதுன்னு சொன்னீங்களே அத்தை?" என்றேன். "ஏய்க்கிறவன் எல்லா நேரமுமா ஏய்ப்பான்? மனுஷங்கள்லயும் அப்படித்தான்டி" என்றார், ஒற்றைக்காலில் நின்றபடி.

எனக்கும் அவருக்கும் நடந்த போட்டியை இந்தப் புத்தகத்தில் எழுதாவிட்டால் இது பொய்ப் புத்தகம் ஆகிவிடும். நான் செய்தி தயாரிப்பேன். அசல் செய்தி மாதிரியே படம் போட்டு, எழுத்து போட்டு, குழுவில் விடுவேன். அவர் ஏமாந்தால் எனக்கு வெற்றி. இரண்டு ஆண்டில் ஒரேயொரு தடவைதான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுப்பில் சோறு அடிபிடித்தால் வாசம் பிடித்து எச்சரிக்கும் கைப்பேசி வருகிறது என்று ஒன்றை விட்டேன். யாரு பாத்தது என்று அவர் கேட்கவில்லை! துள்ளிக் குதித்தேன். ஐந்து நிமிடத்தில் குரல் பதிவு வந்தது. "சோறு அடிபிடிச்சா மூக்கு இருக்குறவங்களுக்குத் தெரியும். அடிபிடிக்கிறதே இந்தப் போனப் பாத்துக்கிட்டு இருக்குறதாலதான். தர்ஷினி குட்டி, இதுக்கு ஒரு படம் வரைஞ்சியே, கூகை மாதிரி இருக்கு ஒன் போன்." அந்தப் பதிவை என் அம்மா மூன்று தடவை போட்டுக் கேட்டார்.

நம் லயத்தில் நான்கு கோடு சிக்னல் வந்த கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததையே சொல்கிறேன், கேளுங்கள். அப்போது லயத்தில் சிக்னல் என்பது ஒன்பதாம் நம்பர் மலையின் பாறைமேல் ஏறினால்தான். ஜொகூரில் இருக்கும் பேத்தியைக் காணொளி அழைப்பில் பார்க்க அத்தை பாறைக்கு ஏறுவார். குழந்தை வாயைத் திறக்கும், அப்படியே உறைந்துவிடும். "என் பேத்திக்குப் பேச்சு வந்துருச்சா வரலையான்னே தெரியல. வாயத் தொறந்த பொம்ம மாதிரி நிக்குது" என்று ஒருநாள் கீழே இறங்கிவந்து சொன்னவர், அங்கேயே நின்று முருகனுக்கு வேண்டிக்கொண்டார். நம்ம லயத்துக்கு நாலு கோடு வந்தா தைப்பூசத்துக்கு மொட்டை.

வேண்டிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அலுவலகம் அலுவலகமாகப் பன்னிரண்டு கடிதம் போட்டார். மலாயில் எழுதித் தந்தது நான். கீழே கையெழுத்து அவருடையது, முழுப் பெயர், லயத்து எண் எல்லாம் சேர்த்து. கைப்பேசிக் கோபுரம் வந்தது. அது முருகன் கொடுத்ததா, கடிதம் கொடுத்ததா என்று கேட்டவர்களிடம், "யாரு மொதல்ல படிச்சாங்களோ தெரியல. அதனால மொட்ட முருகனுக்கு, ஆபீசுக்கு நன்றிக் கடுதாசி" என்றார். இளைஞர்கள் களத்தில் அவர் உருவத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்துப் பதாகை கட்டினார்கள். பெரிய கொண்டை, பெரிய பொட்டு, கீழே 'நான்கு கோடு தந்த நாயகியே' என்ற வாசகம். வாசகம் என்னுடையது. அத்தை பதாகையைப் பார்த்துவிட்டு, "நான் செத்துட்டேன்னு நெனச்சு எவனாவது மாலையோட வந்துறப்போறான்" என்று சொன்னார்.

அந்த நான்கு கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் முகச் செயலி வந்தது. களத்துக் கொட்டகைக் கம்பத்தில் ஒரு கைப்பேசியைப் பொருத்தினார்கள். ஒவ்வொருவராக முன்னால் நிற்கவேண்டும். அது முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லி, மலாயில் காலை வணக்கம் சொல்லும். வருகை தானாகப் பதிவாகும். அத்தைதான் முதல் ஆளாகப் போய் முகத்தைப் பதிந்துகொண்டார். "முப்பத்திரெண்டு வருஷமா கொழுந்து வெட்டுறேன். பேரு சொல்லி வணக்கம் சொன்ன மொத ஆபீசரு இதுதான்" என்று கம்பத்தைத் தட்டிக்கொடுத்தார். அவர் புதியதை வெறுத்தவர் இல்லை. அதை யாரும் தவறாகச் சொல்லக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பதிந்த இரண்டாம் வாரம் தைப்பூசம். ஈப்போவுக்குப் பேருந்து வைத்துப் போனோம். திரும்பும்போது பேருந்தில் ஒன்பது மொட்டை. ஆண்களுக்கு மீசையும் போயிருந்தது. எல்லாத் தலையிலும் சந்தனம். மறுநாள் பெரட்டில் ஒன்பது பேரும் கைப்பேசி முன்னால் நின்றார்கள். ஐந்து பேரை அது எப்படியோ தெரிந்துகொண்டது. நான்கு பேரைப் பார்த்து, "முகம் பதிவில் இல்லை" என்றது. அந்த நான்கில் அத்தை ஒருவர்.

"நல்லா பாரு" என்று அதனிடம் குனிந்து சொன்னார். முகம் பதிவில் இல்லை. பொட்டை அழித்துவிட்டுக் காட்டினார். முகம் பதிவில் இல்லை. தலையில் துண்டைக் கட்டிக் காட்டினார். இல்லை. பதிவில் இல்லாதவரை மலைக்கு அனுப்பக் கூடாது என்பது புது விதி. மறுபதிவு செய்யவேண்டும் என்றால் கோலாலம்பூருக்கு விண்ணப்பம் அனுப்பிக் காத்திருக்கவேண்டும். அடிக்கடி முகத்தை மாற்றினால் ஆள்மாறாட்டம் நடக்குமாம்.

முருகேசு மாமா தலையைச் சொறிந்தார். "அக்கா, எனக்கு ஒங்களத் தெரியுது. ஆனா எனக்குத் தெரியுறது கணக்குல வராதாம்."

கோபுரம் வேண்டி இறக்கிய முடி. அந்தக் கோபுரத்தில் ஓடும் கருவியே அந்த மொட்டையைத் தெரியாது என்கிறது. அத்தை வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது சொன்னதை அன்று வேனில் ஏறிய எல்லாப் பிள்ளைகளும் கேட்டார்கள். "மெஷின் தப்புப் பண்ணா, அது கத்துக்கிட்டு இருக்குன்னு சொல்றான். நான் தப்புப் பண்ணா வார்னிங் லெட்டர் குடுக்குறான்."

இனி என் பங்கு வருகிறது. ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பதாகையை அவிழ்த்த அன்று அதை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தேன். அதிலிருந்து அத்தையின் முகத்தை வெட்டி அட்டையில் ஒட்டி, மூங்கில் குச்சியில் விசிறி மாதிரிக் கட்டினேன். மறுநாள் பெரட்டில், எல்லோரும் அத்தையைச் சுற்றி நின்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், பின்னாலிருந்து அட்டையைக் கைப்பேசி முன்னால் நீட்டினேன்.

"செலாமாட் பாகி, அஞ்சலை" என்றது அது, அழகான குரலில்.

களம் வெடித்தது. சிரித்துச் சிரித்துச் சிலர் கூடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அத்தைக்குக் கண்ணில் தண்ணீர். "என்னவிட என் பேனருக்குத்தான் மரியாத!" என்றார். நான் யாருக்கும் தெரியாமல் அட்டையைப் பைக்குள் தள்ளி வேனில் ஏறிவிட்டேன். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய வெற்றி இல்லை என்று பள்ளி போகும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அது வணக்கம் சொல்லும்போதெல்லாம் ஒரு படமும் எடுத்து அனுப்புகிறது. கோலாலம்பூரில் யாரோ படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். அட்டையும் மூங்கில் குச்சியும் தெளிவாகத் தெரிந்தன. பிடித்த கை மட்டும் தெரியவில்லை. மறுநாள் அத்தைக்குக் கடிதம் வந்தது. போலி முகம் காட்டி வருகை பதிந்த குற்றம். வெள்ளிக்கிழமை விசாரணை. குற்றம் உறுதியானால் பெயர் நீக்கப்படும்; பெயர் போனால் லயத்து வீட்டைக் காலி செய்யவேண்டும்.

அத்தையின் வீட்டுக்காரர் இறந்தபிறகு வீடு அத்தை பெயரில்தான் இருந்தது. செல்வம் அண்ணன் தானா ராத்தாவில் கடை ஒன்றில் வேலை செய்கிறவர். அவரை வைத்து வீடு கிடைக்காது. அந்தக் கடிதத்தில் இருந்தது அத்தையின் கூரை. ஆப் வந்தது எங்களுக்கு. ஆப்பு வந்தது அத்தைக்கு. ஆப்பைச் செதுக்கியவள் நான்.

வீட்டில் அம்மா என் காதோடு சொன்னார். "நீதான்னு யாருக்கும் தெரியாது. வாயத் தொறந்த, எனக்கும் வேல போகும். நாமளும் இதே லயந்தான்."

அன்று மாலை அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அறைக்குள் பாடப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் தேநீர் வாங்கிக் குடித்துவிட்டு, அறை வாசலில் நின்று, "அந்த அட்ட நனையாம இருக்கா?" என்றார்.

தலையை மட்டும் ஆட்டினேன்.

"வெள்ளிக்கிழம கொண்டா. எனக்கு வேணும்." வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஏன் செய்தாய் என்று திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்று எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை தோட்ட நிர்வாகி பெரிய துரை வந்தார். கோலாலம்பூர் செயலி நிறுவனத்திலிருந்து ஓர் இளைஞர் வந்திருந்தார். நம் ஆள்தான், அத்தை அவரை அன்றிலிருந்து கடைசிவரை 'கேஎல் தம்பி' என்றே கூப்பிட்டார். அலுவலகத்துக்குள் விசாரணை என்றார்கள். அத்தை அசையவில்லை. "குத்தம் நடந்தது களத்துலதானே தொர? இங்கயே கேளுங்க. நான் ஒளிஞ்சு பதில் சொல்ற அளவுக்கு ஒண்ணும் பண்ணல."

பனி இன்னும் விலகவில்லை. பள்ளி வேன் வந்து நின்றது. ஒரு பிள்ளையும் ஏறவில்லை. ஓட்டுநரும் இறங்கி வந்து நின்றுகொண்டார்.

கேஎல் தம்பி மடிக்கணினியைத் திறந்து படத்தைக் காட்டினார். "அத்தை, சிஸ்டத்துல ரெக்கார்ட் இருக்கு. இது நீங்க இல்ல. அட்டை."

"அட்டைன்னு ஒனக்குத் தெரியுது. ஒன் மெஷினுக்குத் தெரியலையே, தம்பி."

"அது… உயிருள்ள ஆளான்னு பாக்குற சோதனை இன்னும் போடல. அடுத்த அப்டேட்ல வரும்."

"ஓ. அப்ப இத்தன நாளா நாங்க உசுரோட இருக்கோமான்னு பாக்காமத்தான் வணக்கம் சொல்லிச்சா?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரிய துரை சிரிக்கவில்லை. "அஞ்சல, இது வெளையாட்டு இல்ல. ஆள்மாறாட்டம். அந்த அட்டைய நீட்டுனது யாரு?"

அத்தை ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "என் மூஞ்சி. நான் பொறுப்பு."

அம்மாவின் கை என் பினஃபோர் பட்டையை இறுக்கிப் பிடித்தது. எனக்கு முன்னால் அத்தையின் மொட்டைத் தலை. அதில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. குளிரில் தோல் சிலிர்த்திருந்தது. கையெழுத்துப் போட்டே பன்னிரண்டு கடிதம் அனுப்பிய மனுஷி, தான் செய்யாததற்கும் கையெழுத்துப் போடுகிறார். நான் அதுவரை செய்த சேட்டை எல்லாமே மொட்டைக் கடுதாசிதான். பட்டையை உருவிக்கொண்டு முன்னால் போனேன்.

"நான்தான் சார்."

என் குரல் பாலர் பள்ளிப் பிள்ளை குரல் மாதிரி வந்தது. பெரிய துரை குனிந்து பார்த்தார். "நீயா? எதுக்குச் செஞ்ச?"

நல்ல காரணமாக ஒன்று யோசித்தேன். கிடைக்கவில்லை. "எல்லாரும் சிரிக்கிறதுக்கு, சார்."

அம்மா முகத்தைக் கூடையால் மறைத்துக்கொண்டார். அத்தை என்னைப் பார்க்காமலேயே கையை நீட்டினார். பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

"இவ சேட்டைக்கு இவள என்ன வேணாலும் கேளுங்க தொர. கக்கூஸ் கழுவச் சொல்லுங்க, கழுவுவா. ஆனா என் வீட்டுக்கு என்னக் கேளுங்க" என்றார் அத்தை. பிறகு குரலைத் தாழ்த்தினார். "தொர, ஒங்களுக்கு என்னத் தெரியுமா?"

"தெரியும்."

"முருகேசு, ஒனக்கு?"

"என் கல்யாணத்துக்கு ஆரத்தி எடுத்ததே நீங்கதானேக்கா."

"தம்பி, நீ என்ன இப்பத்தான் பாக்குற. இப்ப ஒனக்குத் தெரியுமா?"

கேஎல் தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இனிமே மறக்க முடியாது, அத்தை."

"எல்லாருக்கும் தெரியுது. இது ஒண்ணுக்குத்தான் தெரியல. தெரியாதது தப்பு இல்ல. வயசு ரெண்டு வாரந்தான் ஆகுது அதுக்கு. ஆனா அதுக்குத் தெரியலன்னா, தெரிஞ்ச நீங்க எல்லாம் வாய மூடிக்கிட்டு, ஆளே இல்லன்னு எழுதுவீங்களா?"

அத்தை களத்தின் விளிம்புக்கு நடந்தார். அங்கே தேயிலைச் செடி தொடங்குகிறது. அட்டையின் மூங்கில் குச்சியை முதல் செடிக்குள் ஆழமாகச் செருகினார். அதன் பக்கத்தில் தன் கத்தரியை வைத்தார். கொண்டையும் பொட்டுமாகப் பனிக்குள் அட்டை அத்தை சிரித்தபடி நின்றார்.

"வருகை போட்டது இதுக்குத்தானே? இதுவே வெட்டட்டும். நான் வீட்டுக்குப் போறேன்."

போயே போய்விட்டார். வேகமாகக்கூட இல்லை, தினமும் நடக்கிற நடைதான். மற்ற மூன்று மொட்டைகளும் பின்னால் போனார்கள். வரிசையில் நின்றவர்கள் போகவில்லை; ஆனால் மலைக்கும் ஏறவில்லை. என் அம்மாதான் முதலில் கூடையை இறக்கித் தரையில் வைத்தார். அடுத்தடுத்து எல்லாக் கூடையும் இறங்கியது. எல்லோரும் கைகட்டிக்கொண்டு அட்டை வேலை செய்வதை வேடிக்கை பார்த்தார்கள். அது செய்யவில்லை.

பெரிய துரை அட்டையைப் பார்த்தார். கம்பத்தைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. எங்கள் முதல் பாடம் முடிந்திருக்கும். பிறகு லயத்துப் பக்கம் திரும்பி உரக்கக் கூப்பிட்டார்.

"அஞ்சல!"

பாதித் தூரத்தில் அத்தை திரும்பினார். "யாரக் கூப்புடுறீங்க தொர? நான் பதிவுல இல்லையே!"

அப்போதுதான் துரை சிரித்தார். வாய்விட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிரித்தார். முருகேசு மாமாவிடம் திரும்பி, "பேரு கூப்புடுங்க, மண்டோர்" என்றார்.

முருகேசு மாமாவின் குரலை நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். அன்று மாதிரி ஒருநாளும் கேட்டிருக்க மாட்டீர்கள். அடுத்த மலையில் எதிரொலித்தது.

"அஞ்சலை!"

"இருக்கேன்!"

களம் கைதட்டியது. வேன் ஓட்டுநர் ஓடிப்போய் ஹாரனை அடித்தார். தேயிலைத் தோட்டத்தில் பெரட்டில் பெயர் கூப்பிட்டதற்குக் கைதட்டல் வாங்கிய மண்டோர் உலகத்தில் ஒருவர்தான். அன்றே அறிவிப்புப் பலகையில் தாள் ஏறியது: நேரில் நிற்பவரை மண்டோர் அடையாளம் சொன்னால், கருவி என்ன சொன்னாலும் வருகை உண்டு. அத்தையின் கடிதத்தைத் துரை திரும்ப வாங்கிக்கொண்டார். எனக்கு ஒரு மாதம் சனிக்கிழமைதோறும் கொட்டகை கூட்டும் தண்டனை. முதல் சனிக்கிழமை பாதி லயமே விளக்குமாறோடு வந்து நின்றது.

கேஎல் தம்பி உடனே கிளம்பிப் போகவில்லை. அத்தை வீட்டில் தேநீர் குடித்தார். கருவி எதைத் தெரியாமல் தடுமாறும் என்று அத்தை ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் குறித்துக்கொண்டார். மொட்டை, சந்தனம், குளிருக்குக் கட்டும் துண்டு, மழைத் தொப்பி. கடைசியாக அத்தை சொன்னார்: "அந்த 'பதிவில் இல்லை'ய எடுத்துரு தம்பி. யாரு இல்லன்னு சொல்ற அதிகாரத்த அதுக்கு யாரு குடுத்தா? தெரியலன்னா தெரியலன்னு சொல்லப் பழகட்டும்." அடுத்த மாதம் புதிய பதிப்பு வந்தது. இன்றைக்கும் நீங்கள் களத்துக்குப் போய் அந்தக் கம்பத்தின் முன்னால் நின்று பாருங்கள். தெரியாத முகத்தைப் பார்த்தால் அது, "எனக்குத் தெரியவில்லை. மண்டோரிடம் கேளுங்கள்" என்கிறது. உலகத்தில் எத்தனையோ புத்திசாலிக் கருவிகள் இருக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொள்வது நம் களத்துக் கம்பத்தில் நிற்கிறது. அதைச் செய்யவைத்தவர் நம் அஞ்சலை அத்தை.

முடி வளர வளர அது மறுபடி மறுபடி குழம்பியது. அத்தை முன்னால் நிற்பார். எனக்குத் தெரியவில்லை, மண்டோரிடம் கேளுங்கள். முருகேசு மாமா, "அஞ்சலக்காதான்!" என்று கத்துவார். வரிசை முழுக்கச் சேர்ந்து, "அஞ்சலக்காதான்!" என்று கத்தும். கடைசி வாரம்வரை அது நடந்தது. ஊரே சேர்ந்து ஒருவர் பெயரைத் தினமும் காலையில் உரக்கச் சொல்வது சாமிக்குக்கூட எல்லா நாளும் கிடைக்காது.

விசாரணை நடந்த அன்று மாலை நான் அவரிடம் ஒன்று கேட்டேன். "நான் சொல்லாம இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க அத்தை?"

"வீடு போயிருக்கும். மூட்டையத் தூக்கிக்கிட்டு ஒங்க வீட்டுக்கு வந்துருப்பேன். ஒன் கட்டில்ல படுத்துக்கிட்டு, காலையில நாலு மணிக்கே எழுப்பி நியூஸ் சொல்லியிருப்பேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "நீ 'நான்தான்'னு சொன்னப்பதான் எனக்குத் தெம்பு வந்துச்சு. அதுக்கு முன்னால என் காலு நடுங்கிட்டிருந்துச்சு. யாரும் பாக்கல" என்றார்.

அஞ்சாத அஞ்சலையின் கால் நடுங்கியதை இப்போது முதன்முறையாக வெளியே சொல்கிறேன். அவர் கோபிக்கமாட்டார்.

அத்தையிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு சொல்தான்: நான்தான். சேட்டையை நிறுத்தவில்லை. அவரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து எதையும் பெயர் இல்லாமல் செய்ததில்லை. அதற்கு முந்தைய பாக்கியையும் இந்தப் புத்தகத்திலேயே தீர்த்துவிடுகிறேன். ஆடி வெள்ளியன்று கோயில் ஒலிபெருக்கியில் கோழி கூவியது நான்தான். முருகேசு மாமா, உங்கள் மோட்டார் ஹாரனுக்குள் பலூன் செருகியது நான்தான். செல்வம் அண்ணா, உங்கள் கைப்பேசியில் உங்கள் பெயரை 'அஞ்சலை மகன், மற்றபடி ஒன்றுமில்லை' என்று மாற்றியது நான்தான். அதில் முதல் பாதியை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அது பெருமை.

அடிக்க வருகிறவர்கள் நான்காம் லயம், ஆறாம் வீட்டுக் கதவைத் தட்டலாம். திறப்பது நான்தான்.

தர்ஷினி